இருபத்துமூன்றாம் நம்பரைத் திருப்பிக் கூப்பிட்ட நாள்

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எஸ்தர் உன் வீட்டை விட்டுப் போய் மூன்று நாள் ஆகியிருக்கும். அவளை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் பேனாவை எடுத்தேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதைக் கடைசிப் பக்கம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போய், பிறகு தாளில் இடமில்லை என்று விட்டுவிடுவேன். அவள் சுகமாக இருக்கிறாள். சுந்தரபாண்டியத்தில் அவள் அம்மா வீட்டில் இல்லை. மகள் பத்திரமாக இருக்கிறாள் என்பதைத் தவிர அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்லவில்லை. ஆகையால் அங்கே போய் அவர்களை மிரட்டிப் பயனில்லை. உறையின் மேல் உள்ள தபால் முத்திரையைப் பார்த்தும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. வேறு ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அங்கே பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். பெற்ற மகனிடம் இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறோமே என்று எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இருக்கிறேன்.

"அப்பாவுக்கு எதுலயும் சந்தேகம்" என்று நீ சொல்வாய். சின்ன வயதிலிருந்தே நீ கேலி செய்கிற விஷயம்தான் அது. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மறுபடியும் வந்து பார்ப்பேன். "போதும் விடுங்க, பூட்டுக்கு வலிக்கும்" என்பாள் உன் அம்மா. இந்தக் குணத்தால்தான் நான் வேலையில் ஒரு தப்பும் செய்யாதவன் என்று பெயர் வாங்கினேன். இதே குணத்தால்தான் ஒரு பெண்ணுடைய கை ஒடிந்தது. அதை ஒரே ஒருவரைத் தவிர இதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட. இப்போது உன்னிடம் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லாமல் போனால் நான் ஏன் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் மனைவியை அழைத்துப்போனேன் என்பது உனக்குப் புரியாது.

இராஜபாளையம் தபால் ஆபீசுக்குப் பக்கவாட்டில் எக்ஸ்சேஞ்ச் இருந்த அந்தச் சிறிய அறைக்குள் நீ இரண்டொரு தடவை வந்திருக்கிறாய். எதிரே ஒரு மரப்பலகை, அதில் வரிசையாகச் சிறு மூடிகள், ஒவ்வொரு மூடிக்குக் கீழும் ஒரு நம்பர். மில், பஞ்சுக் கமிஷன் மண்டி, டாக்டர், போலீஸ் ஸ்டேஷன், பிறகு பத்துப் பன்னிரண்டு பெரிய வீடுகள், அவ்வளவுதான் அப்போது ஊரில் இருந்த போன். ஒரு வீட்டில் யாராவது கைப்பிடியைச் சுற்றினால் அந்த நம்பரின் மூடி டக்கென்று விழும். நான் கயிற்றின் முனையை அந்தத் துளையில் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்பேன். கேட்கிற லைன் அப்போது வேறு பேச்சில் இருந்தால் காத்திருக்கச் சொல்வேன். காத்திருக்காமல் வைத்துவிட்டார்கள் என்றால், லைன் காலியானதும் நாங்களே திருப்பிக் கூப்பிட்டு, "நீங்க கேட்ட லைன் ரெடி" என்று சொல்ல வேண்டும். காத்திருப்பது பெரிய மனிதர்களுக்குப் பிடிக்காது என்பதால் எங்கள் அறையில் ஏற்பட்ட வழக்கம் அது. மற்றவர்கள் சிலசமயம் மறந்துவிடுவார்கள். நான் மறந்ததே இல்லை. என் வேலையில் எனக்கென்று ஒரு பெருமை இருந்தது என்றால் அது இதுதான்.

சண்டை தொடங்கி, நீ பட்டாளத்தில் சேர்ந்து ஆறேழு மாதம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கப் போகிற நேரம், இருபத்துமூன்றாம் நம்பர் மூடி விழுந்தது. பெரிய வீடு. அந்த வீட்டுக்காரரை ஊரில் எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள். போனில் என்னைக்கூட "சார்" என்று அழைக்கிற ஒரே மனிதர் அவர்தான். ஆனால் அன்று பேசியது பெண் குரல். "போலீசுக்கு லைன் குடுங்க. சீக்கிரம் குடுங்க" என்றது. சத்தம் போடவில்லை. வாயை ஒட்டி வைத்துப் பேசினால் வருகிற, மூச்சு முட்டுகிற குரல். நான் ஸ்டேஷன் நம்பரைப் பார்த்தேன். அங்கே ஏட்டையா மில் வாட்ச்மேன் ஒருவரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். "லைன் எங்கேஜ்டும்மா, செத்த நேரம் இருங்க" என்றேன். வைத்துவிட்டார்கள். நான் சீட்டில் எழுதினேன்: இருபத்துமூன்று, போலீஸ் ஸ்டேஷன், காத்திருப்பு.

நான்கு நிமிடம் கழித்து ஸ்டேஷன் லைன் காலியானது. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, வழக்கப்படி இருபத்துமூன்றாம் நம்பரைத் திருப்பிக் கூப்பிட்டேன். வீட்டுக்காரர் எடுத்தார்.

"யாரு பேசுறது?"

"எக்ஸ்சேஞ்ச் சார். உங்க வீட்டுல இருந்து போலீஸ் ஸ்டேஷன் கேட்டாங்க. லைன் ரெடியா இருக்கு, பேசலாம்."

"அப்படியா சார். யாரு கேட்டது?" என்றார்.

அந்த இடத்தில் "தெரியல சார்" என்று சொல்லியிருக்கலாம். "தப்பு நம்பர் சார், மன்னிக்கணும்" என்று சொல்லியிருக்கலாம். நான், கேட்டதற்குச் சரியான பதில் சொல்லிப் பழகியவன், "பொம்பளைக் குரல் சார்" என்றேன்.

"ரொம்ப நன்றி சார். இனி தேவையில்லை" என்று அவர் சாந்தமாகச் சொல்லிவிட்டு வைத்தார். நான் சீட்டில் 'ரத்து' என்று எழுதி, தூக்கைத் திறந்து சாப்பிட்டேன். தம்பி, நான் சாப்பிட்டேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் டாக்டர் மதுரை ஆஸ்பத்திரிக்கு டிரங்க் கால் கேட்டார். லைன் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க முதல் இரண்டு வார்த்தைகளைக் கேட்டுவிட்டு விலகிக்கொள்வது எங்கள் வழக்கம். "மாடிப்படியில விழுந்துட்டாங்களாம், மணிக்கட்டு ரெண்டு இடத்துல" என்பது வரைக்கும் கேட்டேன். எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

மூன்று மாதம் கழித்து அதே மூடி விழுந்தது. "நம்பர் ப்ளீஸ்" என்றேன். அதே பெண் குரல், இந்தத் தடவை நிதானமாக, "அன்னைக்கு இருந்தது நீங்கதானா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். "இனிமே யாரையும் திருப்பிக் கூப்பிடாதீக" என்றார்கள். அவ்வளவுதான். வைத்துவிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்த அம்மாளின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பெயரும் தெரியாது.

நான் தைரியசாலி இல்லை. இருந்தாலும் அந்த அம்மாள் அப்படிச் சொன்னதற்கு மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டையாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அண்ணாச்சி, நீரு லைன் குடுக்கிறவரு. ஊர்ல பாதிப் பேரு பொண்டாட்டிய அடிக்கான். எல்லாத்துக்கும் போலீசு போனா திருடனப் பிடிக்க யாரு போவா? வீட்டுக்குள்ள எல்லாம் கொண்டுபோயி உம்ம கயிறச் சொருகாதீரும்" என்றார். நான் எழுந்து வந்திருப்பேன். ஆனால் எழுந்தால் மறுபடி வர மாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும், அதனால் உட்கார்ந்தே இருந்தேன். மணிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். நான் திருப்பிக் கூப்பிட்டதையும் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "சரி, நம்ம ஆளு போனா என்னன்னு சொல்லிக் கதவத் தட்டுவான்? உம்ம வீட்டுக்காரி கூப்பிட்டாள்னா? பொறவு அவ கதி என்ன?" என்று கேட்டார். அந்த மனிதர் என்னைவிடக் கூர்மையானவர். அரிசிக்குக் கார்டு கொடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. "ரேஷன் கார்டுல தலை எண்ணணும்னு சொல்லிட்டுப் போகட்டும். வீட்டுல உள்ள எல்லாரையும் வாசலுக்குக் கூப்பிடலாம்லா" என்றார்.

அதிலிருந்து நான் வேலை செய்கிற விதத்தையே மாற்றிக்கொண்டேன். பெண் குரலில் போலீஸ் என்றோ டாக்டர் என்றோ கேட்டு, குரலில் அந்த மூச்சு இருந்தால், "நான் கேக்குறதுக்கு ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க" என்பேன். பக்கத்துல ஆள் இருக்கா, அடி பட்டிருக்கா, பிள்ளைக இருக்கா, ஆள் அனுப்பவா. நாலே கேள்வி. பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது யாரோ சொந்தக்காரரோடு பேசுகிற மாதிரி இருக்கும். லைன் அறுந்தால் திருப்பிக் கூப்பிட மாட்டேன்; ஏட்டையாவுக்குச் சொல்லிவிடுவேன். ஒரு தடவை ஒரு பெண் மண்டியிலிருந்து பேசினாள். வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம், சும்மா யாரோடாவது பேசணும் போல இருந்தது என்றாள். அதையும் கேட்டேன். இதெல்லாம் எங்கும் எழுதிவைத்த சட்டமில்லை. எத்தனை இடத்தில் இதனால் நன்மை ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கார்டு பார்க்கப் போன கான்ஸ்டபிளைக் கண்டு ஓங்கிய கை அன்றைக்குக் கீழே இறங்கியிருக்கும், மறுநாள்? எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வருடங்களில் ஒன்று பழகிவிட்டது. ஒரு பெண் பதில் சொல்லும்போது அவள் பக்கத்தில் அவள் பயப்படுகிற ஆள் நிற்கிறானா என்பது எனக்குக் கேட்டுவிடும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி விழும். முகத்தைப் பார்த்து அனுமதி வாங்குகிற இடைவெளி.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தேன். "என்னம்மா, உடம்பு எப்படி இருக்கு?" என்று எஸ்தரைக் கேட்டேன். அந்த இடைவெளி விழுந்தது. பிறகு, "நல்லா இருக்கேன் மாமா" என்றாள்.

என் காதை நான் நம்பவில்லை. ஒரே சத்தத்தைப் பல வருடம் கேட்டவனுக்கு எல்லாச் சத்தமும் அதுவாகவே கேட்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் இரண்டு பத்தி பிரித்து, ஒன்றில் உனக்குச் சாதகமானதையும் மற்றொன்றில் பாதகமானதையும் எழுதத் தொடங்கினேன். சிரிக்காதே, எனக்கு வேறு விதமாக யோசிக்கத் தெரியாது. சாதகமான பத்தியில், நீ சின்ன வயதில் கால் ஒடிந்த ஆட்டுக்குட்டிக்கு மூங்கில் பட்டை வைத்துக் கட்டியது, உன் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது லீவு எடுத்து வந்து தலை வாரி விட்டது எல்லாம் இருந்தன. மற்றதில், பங்குனி வெயிலில் அவள் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தது. குடம் இடித்துவிட்டது என்று ஒரு தடவை, அதே காயத்துக்குக் கதவு இடித்துவிட்டது என்று இன்னொரு தடவை சொன்னது. நீ செருமினால் அவள் கையிலிருக்கிற கரண்டி நின்றுவிடுவது. சண்டைதான் உன்னைக் கெடுத்துவிட்டது, பர்மாவில் நீ எதையெதைப் பார்த்தாயோ என்று உனக்காக ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்து, அடித்துவிட்டேன். மில்லில் மாஸ்டர் உன்னை எல்லார் முன்னாலும் திட்டினார் என்று நீயே சொன்னாய். அவர் மேல் உன் கை ஓங்கவில்லையே. யாரிடம் ஓங்கலாம், யாரிடம் கூடாது என்று உன் கைக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் அந்த நோட்டில் எழுதினேன். உன்னைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி. உனக்கு ஆறு வயது. ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் என் சட்டை இஸ்திரி போடாமல் இருந்தது. ஏதோ கேட்டேன், உன் அம்மா ஏதோ சொன்னாள், நான் கன்னத்தில் அறைந்தேன். நீ அரிசிப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். நீ அழவில்லை, அதை மட்டும் நினைவு வைத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை என்றுதான் இத்தனை வருடம் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த எண்ணிக்கையிலும் எனக்குச் சந்தேகம். அடித்தவன் எண்ணுவதை எப்படி நம்புவது? அவள் இருந்திருந்தால் அவளைக் கேட்டிருப்பேன். அவளும் பதில் சொல்லுமுன் என் முகத்தைப் பார்த்திருப்பாளோ என்னவோ. என் வீட்டுக்குள் அப்போது எனக்குக் காது கேட்டிருக்கவில்லை.

அடுத்த மாதம் நான் வந்தபோது நீ சோடா வாங்கி வரக் கடைக்குப் போனாய். நினைவிருக்கிறதா? அந்த நேரத்தில் எஸ்தரிடம், "அம்மா, ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு. குடமா?" என்று கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "இல்ல" என்றாள். "அவனா?" என்றேன். விறகை உள்ளே தள்ளினாள். "பயமா இருக்கா?" "ஆமா." "எங்கயாவது போகணுமா?" அதற்கு அவள், "தெரியல மாமா. அவிய நல்லாயிருக்க நாளும் இருக்கு" என்றாள். நான் அவசரப்படுத்தவில்லை. போகிற நேரம் அவளுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. "எப்பத் தோணுதோ அப்ப எங்கிட்ட நாரத்தங்கா ஊறுகா கேளு. அவன் முன்னாலயே கேளு. நான் புரிஞ்சுக்கிடுவேன்" என்று மட்டும் சொன்னேன். நீ சோடாவோடு உள்ளே வந்தாய். கோலியை அமுக்கி முதல் பாட்டிலை எனக்குத்தான் கொடுத்தாய்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீயும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே, "மாமா, அடுத்த வாட்டி வரும்போது நாரத்தங்கா ஊறுகா கொண்டாங்க" என்றாள். நீ சிரித்தாய். "ஏட்டி, ஒரு ஜாடி மாங்கா ஊறுகா இருக்கு, அது எறங்காதோ? அப்பா, இவளுக்கு நாக்கு எம்புட்டு நீளம் பாத்தீங்களா? மாமனார்கிட்டயே லிஸ்டு போடுதா" என்றாய். நானும் சிரித்தேன். "கேக்கட்டும்டா, கொண்டாறேன்" என்றேன். வாழ்நாளில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அந்தச் சிரிப்புதான். இதை உன்னிடம் சொல்வதால் இனி ஆபத்தில்லை. அந்த வார்த்தையை நாங்கள் மாற்றிவிட்டோம்.

புதன்கிழமை நீ பகல் ஷிப்டுக்குப் போன பிறகு வந்தேன். பையில் உண்மையாகவே ஒரு சிறு ஜாடி ஊறுகாய் வைத்திருந்தேன், நீ பாதியில் திரும்பி வந்துவிட்டால் சொல்லிக்கொள்ள. அதை உன் அடுக்களை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் வந்தோம். அவள் இரண்டு சேலையும் வேதப்புத்தகமும் எடுத்துக்கொண்டாள். தெருவில் நடக்கும்போது எதிரே வருகிற ஒவ்வொரு சைக்கிளையும் நீயோ என்று பார்த்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகும் பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெற்ற பிள்ளைக்குப் பயந்துகொண்டு பஸ்ஸில் போகிறோமே என்று நினைத்தபோது, இந்தப் பயம் அவளுக்குத் தினமும் இருந்திருக்கிறதே என்று தோன்றியது.

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அப்பா" என்று நீ இப்போது நினைக்கலாம். கேட்டிருந்தால் நீ இருபத்துமூன்றாம் நம்பர்க்காரரைப் போலவே சாந்தமாகத்தான் பேசியிருப்பாய். "அப்படியா அப்பா, யாரு சொன்னது?" என்றுதான் கேட்டிருப்பாய். நான் போனபிறகு கதவு மூடியிருக்கும். ஆகையால் கேட்கவில்லை. அவள் பத்திரமான இடத்தில் கால் வைத்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதவே உட்கார்ந்தேன். ஒரு தடவை முறைப்படி செய்து பார்த்துவிட்டேன், போதும்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் தகப்பன், சொல்கிறேன். அவளைத் தேடாதே. அவளைப் பற்றி மில்லில் அவதூறு பேசாதே. பேசினால், உண்மை என்ன என்று நானே வந்து சொல்வேன்; பயந்துகொண்டே சொல்வேன், ஆனால் சொல்வேன். டாக்டரிடமோ போதகரிடமோ போய், நடந்ததைக் குடம் கதவு என்று சொல்லாமல், நான் அடித்தேன் என்று வாயைத் திறந்து சொல். நான் அதை உன்னிடம் எழுதுவதற்கே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது, நீ அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளாதே. நீ உன்னை மாற்றிக்கொண்டாயா என்பதை நீ தீர்மானிக்க முடியாது, நானும் முடியாது. அவள் தீர்மானிப்பாள். வேண்டாம் என்று தீர்மானித்தாலும் அது அவள் உரிமை.

நீ என்னைத் தேடி வருவாய் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்துத்தான் இந்தப் பக்கத்தில் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. வா. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி வந்து என் வீட்டில்தான் இருப்பேன், எங்கும் ஓடி ஒளிய மாட்டேன். உனக்குச் சோறு போடுவேன். நீ அழுதாலும், சத்தம் போட்டாலும், காலில் விழுந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் எங்கே என்று கேட்பாய். இருபது வருடத்துக்கு மேல், யார் யாரைக் கேட்டாலும் கயிற்றைச் செருகி லைன் கொடுத்தவன் நான். இந்த ஒரு லைனை நீ கேட்டு நான் கொடுக்க மாட்டேன். அவள் கேட்டால் கொடுப்பேன். அதுவரைக்கும், யார் பேசினது, எந்த ஊர், எந்தப் பக்கம் போனாள் என்று நீ எத்தனை தடவை கேட்டாலும், அன்றைக்கு மத்தியானம் சொல்லத் தவறிய பதில் என்னிடம் தயாராக இருக்கிறது: எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் அப்பா